உதட்டோரக் கொப்புளத்துக்கு அசைக்ளோவிர்: களிம்பா, மாத்திரையா, எப்போது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. உங்களுக்கு வயது 58. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள். ஆண்டுக்கு ஐந்தாறு முறை, பெரும்பாலும் வெயிலில் வெளியூர் போய்த் திரும்பிய மறுநாளோ காய்ச்சல் விட்ட மறுநாளோ, கீழுதட்டின் இடது ஓரத்தில், எப்போதும் அதே இடத்தில், கொத்தாகக் கொப்புளம் எழும்புகிறது. கடையில் வாங்கிய அசைக்ளோவிர் களிம்பைத் தடவினாலும் ஆறுவதற்கு எட்டு நாளோ பத்து நாளோ ஆகிவிடுகிறது. இந்த முறை களிம்பின் அட்டைப்பெட்டியில் ‘ஹெர்பிஸ்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, மகனிடம் கைப்பேசியில் தேடச் சொன்னதில் அது பாலியல் நோய் என்று வந்து, இரண்டு நாளாக உங்களுக்குத் தூக்கம் இல்லை. வீட்டில் பிறந்து மூன்று வாரமே ஆன பேத்தி இருக்கிறாள். களிம்பை விட்டு மாத்திரைக்கு மாறினால் இந்த நோய் ஒரேயடியாகப் போய்விடுமா, இது கெட்ட நோயா, குழந்தையைத் தூக்கலாமா என்று மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் அல்லன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நிற்கும் மருந்தாளுநர். முடிவான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸை எந்த மருந்தாலும் உடலிலிருந்து அடியோடு அகற்ற முடியாது. ஆனால் சரியான மாத்திரையைச் சரியான நேரத்தில் தொடங்கினால் கொப்புளத்தின் நாள்களைக் குறைக்கலாம்; தேவைப்பட்டால் அது வருவதையே பெரிதும் தடுக்கலாம். உங்கள் களிம்பு பயன் தராமல் போனதற்குக் களிம்பின் தரம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் அதைத் தொடங்கிய நேரமே காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லின் பயத்தை விலக்கிவிடுவோம். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரண்டு வகைகள் உண்டு. முதல் வகை பெரும்பாலும் உதட்டிலும் வாயைச் சுற்றியும் வரும்; இரண்டாவது வகை பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும், அது உடலுறவின் வழியே பரவுவது. முதல் வகை நம்மில் பலருக்குச் சிறு வயதிலேயே, பாட்டியோ அத்தையோ கன்னத்தில் கொடுத்த முத்தத்தின் வழியாகவோ எச்சில் பட்டோ வந்து சேர்ந்துவிடுகிறது. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்த முதல் வகைத் தொற்று இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூடக் கொப்புளம் வருவதில்லை. ஆகவே உங்கள் மகனின் கைப்பேசி காட்டியது உங்கள் உதட்டைப் பற்றிய செய்தி அன்று. முதல் வகை பிறப்புறுப்பிலும் வரக்கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் உதட்டில் கொப்புளம் வந்தது என்பதை வைத்து ஒருவருடைய ஒழுக்கத்தைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது.

நம்மூரில் இதற்கு ‘அக்கி’ என்ற பெயரும் வழங்குகிறது. அங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. மார்பிலோ இடுப்பிலோ ஒரு பக்கமாகப் பட்டைபோல் கொப்புளித்து எரியும் அக்கியை உண்டாக்குவது, சின்னம்மையைக் கொடுக்கும் வைரஸ். அது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸின் உறவினன்தான், ஆனால் வேறு ஆள். மண்பாண்டம் செய்பவரிடம் போய்ச் செங்காவியைக் குழைத்து ‘அக்கி எழுதி’ வருவது இந்த அக்கிக்குத்தான். இரண்டுக்கும் மாத்திரைகளின் பெயர் ஒன்று, அளவு வேறு. அக்கிக்கு அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் மாத்திரையை நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாளாவது சாப்பிட வேண்டும். அதையும் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும். ஒருவர் என்னிடம் தம் மாமனார் அக்கிக்குச் சாப்பிட்டு மிச்சம் வைத்த அட்டையைக் காட்டி, “இதே மாத்திரையில் ரெண்டு மட்டும் வெட்டிக் கொடுங்கள்” என்று கேட்டார். அவருக்கு இருந்ததோ உதட்டோரக் கொப்புளம். பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் வினை இது.

இனி, ஏன் அடியோடு போகாது என்பதற்கு வருகிறேன். முதல் முறை தொற்றும்போது இந்த வைரஸ் உதட்டுத் தோலில் இனப்பெருக்கம் செய்து, அங்குள்ள உணர்வு நரம்பின் நுனிக்குள் நுழைந்து, நரம்பு வழியே மேலேறி, காதுக்கு முன்புறம் மண்டையோட்டுக்குள் இருக்கும் ஒரு நரம்பணுத் திரளில் போய்ப் படுத்துவிடுகிறது. முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் கணு அது. அங்கே அது பெருகுவதில்லை. தன் மரபுச் செய்தியை மட்டும் சுருட்டி வைத்துக்கொண்டு கிடக்கிறது. வெயில், காய்ச்சல், தூக்கமின்மை, மாதவிலக்கு, பல் பிடுங்குதல், மன உளைச்சல் என்று ஏதோ ஒன்று தூண்டும்போது விழித்து, வந்த அதே நரம்பின் வழியே கீழிறங்கி, அதே தோலுக்கு வருகிறது. உங்களுக்கு எப்போதும் கீழுதட்டின் இடது ஓரத்திலேயே வருவதன் காரணம் இதுதான்.

அசைக்ளோவிர் இந்த இடத்தில்தான் தோற்கிறது, இந்த இடத்தில்தான் வெல்லவும் செய்கிறது. அது வேலை செய்யும் விதம் அவ்வளவு அழகானது என்பதால் சற்று நின்று சொல்கிறேன். வைரஸ் பெருக வேண்டுமானால் தன் டி.என்.ஏ. இழையை நகலெடுக்க வேண்டும். அந்த இழையைப் பல கண்ணிகள் கோத்த சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு கண்ணிக்கும் அடுத்த கண்ணியை மாட்ட ஒரு கொக்கி உண்டு. அசைக்ளோவிர் பார்ப்பதற்குக் கண்ணிபோலவே இருக்கும், ஆனால் கொக்கி இல்லாதது. வைரஸின் நகலெடுக்கும் நொதி ஏமாந்து அதை எடுத்து மாட்டிவிட்டால், அதற்கு மேல் எதையும் மாட்ட முடியாமல் சங்கிலி அங்கேயே அறுந்து நிற்கும். நம் உடலின் அணுக்களும் (செல்களும்) டி.என்.ஏ.வை நகலெடுக்கின்றனவே, அவற்றின் சங்கிலியும் அறாதா என்று கேட்கலாம். அதில்தான் நுட்பம் இருக்கிறது. அசைக்ளோவிர் விழுங்கப்படும்போது செயலற்ற பொருள். பாஸ்பேட் என்ற சிறு வேதித் துண்டுகள் மூன்று அதன்மேல் ஏறினால்தான் அது சங்கிலிக்குள் நுழைய முடியும். முதல் பாஸ்பேட்டை ஏற்றுவதற்கு நம் அணுக்களுக்கு ஏறக்குறைய வராது. வைரஸ் கொண்டு வரும் தைமிடின் கைனேஸ் என்ற நொதிதான் ஏற்றும். மீதி இரண்டை நம் அணுவின் நொதிகள் ஏற்றிவிடும். ஆகவே வைரஸ் புகுந்து வேலை தொடங்கிய அணுவுக்குள் மட்டுமே இந்த மருந்து ஆயுதமாகிறது. மற்ற அணுக்களில் ஒன்றும் செய்யாமல் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. திருடன் தன் கையாலேயே தன் விலங்கைப் பூட்டிக்கொள்ளும்படி செய்த மருந்து என்று மாணவர்களிடம் நான் சொல்வதுண்டு.

இதற்கு முன்பு ஹெர்பிஸ் வைரஸுக்கு மருந்து என்றால் ஐடாக்ஸ்யூரிடின் போன்றவைதான். அவை நல்ல அணுவையும் கெட்ட அணுவையும் பிரித்தறியாதவை, ஆகவே கண்ணில் சொட்டு மருந்தாக விடுவதைத் தாண்டி அதிகம் பயன்படுத்த முடியவில்லை. அமெரிக்காவில் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஹோவர்ட் ஷேஃபர் குழுவினர் உருவாக்கிய அசைக்ளோவிர் மூலக்கூறு எப்படி வேலை செய்கிறது என்பதை 1970களில் கெர்ட்ரூட் எலியனும் அவருடன் பணியாற்றியவர்களும் விளக்கினார்கள். 1982இல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முனைவர் பட்டம் பெறாமலேயே ஆய்வுக்கூடத்தில் உயர்ந்த எலியனுக்கு, மருந்துகளை உருவாக்கும் நெறிகளைக் கண்டறிந்ததற்காக 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு, ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

இந்த விளக்கத்திலிருந்து இரண்டு செய்திகள் தாமாகவே வெளிவருகின்றன. நரம்புக் கணுவில் உறங்கும் வைரஸ் நகலெடுப்பதில்லை, அந்த நொதியையும் உண்டாக்குவதில்லை. ஆகவே உறங்கும் வைரஸை இந்த மருந்து தொடவே முடியாது. இரண்டாவது, தோலில் வைரஸ் மும்முரமாக நகலெடுக்கும் காலம் மிகக் குறுகியது. முதல் ஓரிரு நாளிலேயே அது உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. கொப்புளம் உடைந்து பொருக்குத் தட்டும்போது வைரஸின் ஆட்டம் பெரும்பாலும் முடிந்துவிட்டது; அதற்குப் பிறகு நடப்பது தோல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்வது. நீங்கள் மூன்றாம் நாள், புண் நன்றாகத் தெரிந்தபின் கடைக்கு வருகிறீர்கள். நாங்களும் களிம்பை எடுத்துக் கொடுக்கிறோம். ஓடிப்போன திருடனைத் தேடும் காவல்காரன்போல அது அங்கே நிற்கிறது.

ஆகவே கவனிக்க வேண்டியது கொப்புளத்துக்கு முந்தைய அறிகுறியை. பலமுறை வந்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆனால் உதட்டின் அந்த ஒரு காசளவு இடம் மட்டும் குறுகுறுக்கும், அல்லது மிளகாய் பட்டதுபோல் லேசாக எரியும், தொட்டால் உள்ளே சற்றுத் தடித்ததுபோல் இருக்கும். காலைக் காப்பியின் சூடு வழக்கத்தைவிட அந்த இடத்தில் சுரீரென்று உறைக்கும். கொப்புளம் எழுவதற்குச் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை முன்னதாக இது வரும். மருந்தைத் தொடங்க வேண்டிய நேரம் அந்தக் குறுகுறுப்புத்தான். மறுநாள் காலை அன்று.

களிம்பா மாத்திரையா என்றால், என் கருத்து மாத்திரையின் பக்கம். ஐந்து சதவீத அசைக்ளோவிர் களிம்பை முதல் அறிகுறியிலேயே தொடங்கி நாளைக்கு ஐந்து முறை, நான்கு ஐந்து நாள் தடவினால் சராசரியாக அரை நாள் அளவுக்குத்தான் புண்ணின் காலம் குறையும். களிம்பு தோலின் மேலடுக்கைத் தாண்டி வைரஸ் இருக்கும் ஆழத்துக்குப் போதிய அளவில் இறங்குவதில்லை. மாத்திரை இரத்தத்தின் வழியே கீழிருந்து வருகிறது. ஆனால் அசைக்ளோவிர் மாத்திரையிலும் ஒரு குறை உண்டு: விழுங்கியதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகிறது, போனதும் மூன்று மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடுகிறது, அதனால்தான் நாளைக்கு ஐந்து வேளை என்ற தொல்லை. இந்தக் குறையைத் தீர்க்க, அசைக்ளோவிருடன் வாலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டி வாலாசைக்ளோவிர் என்று செய்தார்கள். அது குடலில் எளிதாக ஏறி, உள்ளே போனதும் வாலினை உதிர்த்துவிட்டு அசைக்ளோவிராகவே மாறுகிறது. விழுங்கியதில் பாதிக்கு மேல் இரத்தத்துக்குக் கிடைக்கிறது. 1990களின் நடுவில் இதுவும், இதே வகையைச் சேர்ந்த ஃபாம்சைக்ளோவிர் என்ற மருந்தும் வந்தன.

உதட்டோரக் கொப்புளத்துக்கு வாலாசைக்ளோவிரின் முறை ஒரே நாளோடு முடிவது: குறுகுறுப்புத் தொடங்கியதும் 2 கிராம், பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், அவ்வளவுதான். ஃபாம்சைக்ளோவிர் என்றால் 1500 மில்லிகிராம் ஒரே வேளை. இவற்றாலும் சராசரியாக ஒரு நாள் அளவுக்கே புண்ணின் காலம் குறைகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரை நாளும் ஒரு நாளும் பெரிதா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகிறவரிடம் நானே “விட்டுவிடுங்கள், வாசலின் தடவினால் போதும்” என்றுதான் சொல்கிறேன். ஆண்டுக்கு ஆறு முறை வருகிறவரின் கணக்கு வேறு.

அப்படி அடிக்கடி வருகிறவர்களுக்குத் தடுப்பு முறை என்று ஒன்று உண்டு. கொப்புளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள்தோறும் வாலாசைக்ளோவிர் 500 மில்லிகிராம் ஒருவேளை, அல்லது அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் இருவேளை என்று சில மாதங்களுக்கு மருத்துவர்கள் எழுதுவார்கள். விழித்து இறங்கும் வைரஸ் தோலில் பெருகத் தொடங்கும்போதே மருந்து அங்கே காத்திருக்கும். நிறுத்தினால் மீண்டும் வரலாம். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லத் தானாகவே வருகை குறைவது இந்த நோயின் இயல்பு. நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களிடம் இந்த மருந்துக்கு வைரஸ் பழகிப்போவது மிக அரிது. உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், எச்.ஐ.வி. முற்றியவர்கள் போன்றோரிடம்தான் அந்தச் சிக்கல் எழுகிறது; அதற்கு ஃபாஸ்கார்னெட் என்ற வேறு ஊசி மருந்து உண்டு.

இங்கே உங்கள் சர்க்கரை நோய் உள்ளே வருகிறது. இந்தப் பத்தியை மட்டும் இருமுறை படியுங்கள், அம்மா. இரத்தத்துக்குப் போன அசைக்ளோவிர் பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியேதான் வெளியேறும். நெடுநாள் சர்க்கரை நோயில் சிறுநீரகம் சத்தமில்லாமல் சோர்ந்திருக்கக்கூடும். அந்த நிலையில் 2 கிராம் அளவுகளை அப்படியே விழுங்கினால் மருந்து தேங்கி, சிறுநீரகத்தில் படிகமாகப் படியவும், வயதானவர்களுக்குத் தலைசுற்றல், பிதற்றல், கை நடுக்கம், இல்லாததை இருப்பதாகக் காண்பது வரை போகவும் வாய்ப்புண்டு. சிறுநீரகச் செயல்திறன் குறைந்தவர்களுக்கு அளவைப் பாதியாகவும் கால் பங்காகவும் குறைப்பதற்குத் திட்டமான கணக்கு இருக்கிறது. ஆகவே சிறுநீரகத்தின் செயல்திறனைக் காட்டும் கிரியாட்டினின் என்ற இரத்தப் பரிசோதனையைக் கடைசியாக எடுத்த முடிவுடன் மருத்துவரைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முந்தையது என்றால் புதிதாக எடுத்துவிடுங்கள். மருந்து சாப்பிடும் நாளில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மூட்டு வலிக்கென்று வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளை அந்த நாளில் தவிருங்கள், அவையும் சிறுநீரகத்தின்மேல்தான் சுமையை ஏற்றும். மற்றபடி லேசான தலைவலி, வயிற்றுப் புரட்டல் தவிர இந்த மருந்து பெரிதாகத் தொல்லை தருவதில்லை.

பிறப்புறுப்பில் வரும் ஹெர்பிஸைப் பற்றியும் சில வரிகள் எழுதிவிடுகிறேன், உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். முதல் முறை வரும்போது அது கடுமையாக, காய்ச்சல், நெறிகட்டு, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் ஆகியவற்றுடன் வரும். அதற்கு ஏழு முதல் பத்து நாள் வரை மாத்திரை வேண்டும், களிம்பால் ஆகாது. திரும்ப வரும்போது இரண்டு மூன்று நாளைய மருந்து போதும். ஒருவருக்கு இருந்து துணைக்கு இல்லாத தம்பதிகளில், இருப்பவர் நாள்தோறும் வாலாசைக்ளோவிர் 500 மில்லிகிராம் சாப்பிட்டுவந்தபோது துணைக்குப் பரவுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. கர்ப்பிணிக்கு இந்த நோய் இருந்தால் கடைசி மாதத்தில் மருந்து கொடுப்பதுண்டு. பிரசவ வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் அறுவை மூலம் குழந்தையை எடுப்பார்கள். வெட்கப்பட்டு இதை மகப்பேறு மருத்துவரிடம் மறைப்பதுதான் ஆபத்து.

பேத்தி விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு இந்த வைரஸ் உங்களுக்குச் செய்வதைப்போல் ஓர் ஓரத்தில் நின்றுவிடாது. கல்லீரல், நுரையீரல், மூளை என்று பரவி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். குறுகுறுப்புத் தொடங்கியதிலிருந்து பொருக்கு முழுவதும் உதிர்ந்து புதுத் தோல் தெரியும்வரை குழந்தையை முத்தமிடாதீர்கள், கன்னத்தோடு கன்னம் வைக்காதீர்கள். தூக்குவதற்குத் தடையில்லை, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, முகக்கவசம் அணிந்துகொண்டு தூக்கலாம். புண்ணைத் தொட்ட விரல் குழந்தையின் கண்ணிலோ வாயிலோ படக் கூடாது. உங்கள் புண் பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்து, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தோலில் ஒரே ஒரு கொப்புளம் தென்பட்டாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், வீட்டில் ஒருவருக்கு உதட்டில் கொப்புளம் இருந்தது என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அங்கே இரத்தக் குழாய் வழியே ஊசியாகச் செலுத்தும் அசைக்ளோவிர் இரண்டு அல்லது மூன்று வாரம் தேவைப்படும். பெரியவர்களுக்கே இந்த வைரஸ் மூளையைத் தாக்கினால், சிகிச்சை இல்லாத நிலையில் பத்துப் பேரில் ஏழு பேர் இறந்தார்கள் என்பது அசைக்ளோவிருக்கு முந்தைய காலத்துக் கணக்கு.

இனி, எது இந்த நோய் அன்று என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உதட்டின் உட்புறத்திலோ நாக்கிலோ வெள்ளைப் பள்ளமாக, சுற்றிலும் சிவந்து வரும் வாய்ப்புண் பெரும்பாலும் வைரஸால் வருவது இல்லை. ‘வயிற்றுச் சூடு’ என்று நாம் சொல்லும் அதற்கு அசைக்ளோவிர் பயன்படாது. வாயின் இரு ஓரங்களும் வெடித்து எரிவது பூஞ்சையாலோ சத்துக் குறைவாலோ பொருந்தாத பல்செட்டாலோ வருவது. சர்க்கரை நோயாளிகளுக்கு அது அதிகம். கொத்தாக, சிறு சிறு நீர்க்கொப்புளமாக, ஒரே இடத்தில், குறுகுறுப்புக்குப் பிறகு வருவதுதான் நாம் பேசிக்கொண்டிருப்பது.

எங்கள் தொழிலின் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆண்டிபயாட்டிக் எல்லாம் கலந்த ஒரு களிம்பு நம் கடைகளில் எதற்கும் எடுத்துக் கொடுக்கும் சர்வரோக நிவாரணியாகிவிட்டது. வைரஸ் எதிர்ப்பு மருந்து இல்லாமல் ஸ்டீராய்டை மட்டும் இந்தக் கொப்புளத்தில் தடவினால், சிவப்புக் குறைந்து நல்லதுபோல் தோன்றும். உள்ளே வைரஸ் தடையின்றிப் பரவும். (அசைக்ளோவிரோடு லேசான ஹைட்ரோகார்டிசோன் சேர்ந்த களிம்பு ஒன்று 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது உண்மைதான், அதை இந்தக் கலவைகளோடு ஒப்பிடக் கூடாது.) கண்ணில் இது இன்னும் மோசம். உதட்டில் கொப்புளம் இருக்கும்போது ஒரு கண் சிவந்து, உறுத்தி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால், கடையில் சொட்டு மருந்து கேட்காதீர்கள். கருவிழியில் மரக்கிளைபோல் படரும் புண்ணாக அது இருக்கலாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு அந்தப் புண்ணை ஆழமாக்கிப் பார்வையையே பறிக்கும். அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்தக் கொப்புளத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் லைசின் என்ற அமினோ அமில மாத்திரைக்குச் சான்று போதாது, வாங்க வேண்டாம். வெயிலில் போகும்போது உதட்டுக்குப் பூசும் சூரிய ஒளித் தடுப்புப் பசையும், முக்காடும், உங்களைப் போல் வெயிலால் தூண்டப்படுகிறவர்களுக்கு உண்மையிலேயே உதவும். புண்ணின்மேல் சுண்ணாம்பு வைப்பது, பொருக்கைப் பிய்ப்பது இரண்டும் வேண்டாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கொப்புளம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். கிரியாட்டினின் முடிவைக் காட்டி, உங்களுக்கு ஏற்ற அளவில் ஒரு முறைக்கான மாத்திரையை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லுங்கள். தடுப்பு முறை வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். வாங்கிய மாத்திரையைப் பீரோவில் பூட்டாமல், வெளியூர் போகும் கைப்பையில், சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து வையுங்கள். பேருந்தில் திரும்பி வரும்போதே உதடு குறுகுறுத்தால், வீட்டுக்கு வரும்வரை காத்திருக்காமல் முதல் வேளையை அங்கேயே தண்ணீரோடு விழுங்கிவிடலாம்.